‘குடல் சுத்தமாக இருக்கிறது’ என்றார்கள், வயிற்றுப்போக்கு நிற்கவில்லை

திருச்சி மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 62. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவருடைய நீண்ட கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குத் தண்ணீர் தண்ணீராகப் போகத் தொடங்கியது. பகலில் ஏழெட்டு முறை. இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து இரண்டு முறை. இரத்தம் இல்லை, சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் எடை 6 கிலோ குறைந்துவிட்டது. வந்தால் அடக்க முடிவதில்லை என்பதால் வெளியூர் போவதையே நிறுத்திவிட்டார். தவிர்க்க முடியாத திருமணம் என்றால் முந்தின இரவிலிருந்தே பட்டினி. பையில் எப்போதும் ஒரு மாற்றுப் புடவை. முதலில் போன மருத்துவமனையில் மலப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோப்பி (கேமரா உள்ள குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) எல்லாம் செய்து, ‘குடல் சுத்தமாக இருக்கிறது, இது ஐ.பி.எஸ்., கணவர் போன கவலைதான் வயிற்றில் காட்டுகிறது’ என்று சொல்லி அனுப்பினார்கள். (ஐ.பி.எஸ். என்பது, குடலில் புண்ணோ அழற்சியோ இல்லாமல் அதன் இயக்கம் மட்டும் கோளாறாகும் நிலை.) ஓராண்டு கழித்து வேறொரு மருத்துவர் மறுபடியும் கொலோனோஸ்கோப்பி செய்து, குடலின் உட்புறத்திலிருந்து துணுக்குகளை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார். ‘கொலாஜினஸ் கொலைட்டிஸ்’ என்று அறிக்கை வந்தது. பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை நாளுக்கு 9 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் கொடுத்தார். பத்தே நாளில் வயிறு கட்டுக்குள் வந்தது. மருந்து முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் பழையபடி தொடங்கிவிட்டது.

இப்போது அவருடைய கேள்விகள்: ஸ்டீராய்டுக்கு உடல் அடிமையாகிவிட்டதா? இது புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா? மூட்டுவலிக்கு அசிக்ளோஃபெனாக், வயிற்றுக்குப் பாண்டோப்ரசோல், மனச்சோர்வுக்கு செர்ட்ரலின், தைராய்டுக்குத் தைராக்சின் என்று சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடலாமா? அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் நோய்) உள்ள அண்ணன் மகன் மெசலமைன் சாப்பிட்டு நன்றாக இருக்கிறான். அதையே தானும் சாப்பிட்டால் என்ன? முதலில் பார்த்த மருத்துவமனை மீது வழக்குப் போட வேண்டும் என்று மகன் கோபமாக இருக்கிறார்; அது சரியா?

அம்மா, உங்கள் அச்சத்தில் பெரிய பகுதியை முதலிலேயே இறக்கி வைத்துவிடலாம். இந்த நோய் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. புற்றுநோயைக் கண்காணிப்பதற்காக ஆண்டுதோறும் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் அன்றாடத்தை முடக்கிப்போட்டதே இதன் பெரிய கேடு; அதைச் சரிசெய்ய முடியும். மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியதை மருந்தின் தோல்வி என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த எண்ணத்தால் இரண்டு மாதமாக மருத்துவரிடம் போகாமல் இருக்கிறீர்கள் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்.

முதல் கொலோனோஸ்கோப்பியில் ஏன் தெரியவில்லை

உங்களுக்கு வந்துள்ள கொலாஜினஸ் கொலைட்டிஸ், மைக்ராஸ்கோப்பிக் கொலைட்டிஸ் என்ற நோயின் ஒரு வகை. இந்த நோயில், கேமராவில் பார்த்தால் குடல் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக, புண்ணோ வீக்கமோ இல்லாமல் இயல்பாகவே தெரியும். 1976-இல் ஸ்வீடனைச் சேர்ந்த லிண்ட்ஸ்ட்ரோம் இதை முதன்முதலில் விவரித்தபோது அவர் குழாய் வழியே குடலைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. நுண்ணோக்கியின் கீழ் வைத்த திசுவில்தான் கண்டார். இன்றும் அதே நிலைதான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்குகளை இடுக்கியால் கிள்ளி, ஃபார்மலின் குப்பியில் போட்டு, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். குடலின் மேற்பரப்புச் செல்களுக்கு அடியில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தாலான ஒரு படலம் எல்லோருக்கும் உண்டு. வழக்கமாக அது 5 மைக்ரானுக்கும் குறைவாக இருக்கும். 10 மைக்ரானைத் தாண்டித் தடித்திருந்தால், தக்க அறிகுறிகளும் சேரும்போது, கொலாஜினஸ் கொலைட்டிஸ் என்கிறோம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் 10 மைக்ரான். எந்தக் கேமராவும் அதைக் காட்டாது. ‘டிரைக்ரோம்’ என்ற சாயத்தைப் போட்டால் அந்தப் படலம் மட்டும் நீலப் பட்டையாகப் பளிச்சென்று தெரியும். உங்கள் அறிக்கையில் 20 மைக்ரான் என்று எழுதியிருக்கிறது. ஆகவே நோய் இதுதானா என்ற ஐயத்துக்கு அதிக இடமில்லை. இதன் இன்னொரு வகையான லிம்ஃபோசைட்டிக் கொலைட்டிஸில் படலம் தடிப்பதில்லை. மேற்பரப்புச் செல்கள் நூற்றுக்கு 20 அல்லது அதற்கு மேல் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் ஊடுருவியிருக்கும். சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றுதான்.

படலம் குடல் முழுவதும் ஒரே சீராகத் தடிப்பதில்லை. மலக்குடலில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் வலப்பக்கப் பெருங்குடலிலிருந்தும் இடப்பக்கப் பெருங்குடலிலிருந்தும் தனித்தனியாகத் துணுக்கு எடுத்து, தனித்தனிக் குப்பிகளில் பெயரிட்டு அனுப்ப வேண்டும் என்கிறோம். நாள்பட்ட தண்ணீர்ப் பேதியோடு வருபவருக்குக் குடல் சுத்தமாகத் தெரிந்தால், வேலை முடிந்தது என்று குழாயை வெளியே எடுக்கக் கூடாது. பயாப்ஸி எடுப்பதற்கான காரணமே அதுதான். மலத்தில் கால்புரோட்டெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவு சரியாக இருந்தால் இந்த நோய் இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவில் தூங்குபவரை எழுப்பும் பேதி ஐ.பி.எஸ்.-இன் இயல்பு அல்ல. 60 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி எடையையும் குறைக்கும் பேதியை ஐ.பி.எஸ். என்று சொல்லிவிட்டு விடவும் கூடாது. இந்த நோய் நடுவயதைக் கடந்த பெண்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. வயதானவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பதும் சரியல்ல, நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் 45 வயதுக்குக் குறைந்தவர். கவலை குடலைப் பாதிக்கும் என்பது உண்மையே. ஆனால் துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் உடல் உபாதை எல்லாவற்றுக்கும் அந்தத் துக்கத்தையே விளக்கமாகச் சொல்லும் பழக்கம் நம் மருத்துவர்களிடம் இருக்கிறது. அது மாற வேண்டும்.

மாத்திரைப் பெட்டியில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

உங்கள் பட்டியலைப் படித்தவுடன் எனக்குத் தட்டுப்பட்டது இதுதான்: மைக்ராஸ்கோப்பிக் கொலைட்டிஸோடு தொடர்புள்ளவையாக நாங்கள் எச்சரிக்கையோடு பார்க்கும் மூன்று மருந்து வகைகளையும் நீங்கள் சாப்பிடுகிறீர்கள். அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், பாண்டோப்ரசோல் சேர்ந்த அமிலக் குறைப்பு மாத்திரைகள், செர்ட்ரலின் சேர்ந்த மனச்சோர்வு மாத்திரைகள் ஆகியவையே அந்த மூன்றும். தொடர்பு என்றுதான் சொல்கிறேன். உங்கள் விஷயத்தில் இவற்றில் எது காரணம், எதுவுமே காரணமில்லையா என்பதை நிறுத்திப் பார்த்துத்தான் அறிய முடியும். பேதி தொடங்கிய மாதத்துக்கு முன்னால் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தது என்பதைப் பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். செர்ட்ரலின் தொடங்கி மூன்று மாதத்தில் பேதி வந்ததாக நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. முதலில் நிறுத்த வேண்டியது அசிக்ளோஃபெனாக். முழங்கால் வலிக்குப் பாராசிட்டமால், மேலே தடவும் மருந்து, பிசியோதெரப்பி ஆகியவற்றை உங்கள் எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கத்தான் பாண்டோப்ரசோல் கொடுத்திருக்கிறார்கள் என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. முன்னது போய்விட்டால் பின்னதற்கு வேலையே இல்லை. நம்மூரில் இந்த மாத்திரை ஒருமுறை சீட்டில் ஏறிவிட்டால் இறங்குவதே இல்லை. பல ஆண்டுகள் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் சில வாரங்களுக்கு நெஞ்செரிச்சல் கூடும். ஆகவே அளவைக் குறைத்து, ஒன்றுவிட்டு ஒருநாள் என்று ஆக்கி நிறுத்தலாம்.

செர்ட்ரலினை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, உடலில் மின்னதிர்வு போன்ற உணர்ச்சி எல்லாம் வரலாம். அடங்கியிருந்த சோர்வும் திரும்பலாம். மனநல மருத்துவரிடம் குடல் அறிக்கையைக் காட்டி, படிப்படியாகக் குறைக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ முடியுமா என்று கேளுங்கள். தைராக்சினை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். அதன் அளவு கூடிப்போனாலும் பேதி வரும் என்பதால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனையை மட்டும் ஒருமுறை செய்துவிடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கு ஓல்மசார்ட்டன் சாப்பிடுபவர்களுக்கு நாள்பட்ட பேதி இருந்தால், வேறு நோயைத் தேடுவதற்கு முன் அவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நோய் திரும்பியது ஏன், அடுத்து என்ன

பியூடசோனைடு சாப்பிட்டவர்களில் ஐந்தில் நால்வருக்கு நோய் அடங்குகிறது. நிறுத்திய பிறகு அவர்களில் பத்துக்கு ஆறு முதல் எட்டுப் பேருக்குத் திரும்புகிறது. ஆகவே உங்களுக்கு நடந்ததுதான் வழக்கமாக நடப்பது. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டீர்கள். இரத்த அழுத்த மாத்திரையை விட்டதும் அழுத்தம் ஏறினால் அதை அடிமைத்தனம் என்று யாரும் சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான்: மருந்து அழற்சியை அடக்கி வைத்திருந்தது, எடுத்ததும் அது தலைதூக்கியது. முதல் முறை கேட்ட மருந்து திரும்பக் கொடுத்தாலும் பெரும்பாலும் கேட்கும்.

ஸ்டீராய்டு என்றதும் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும் என்ற பயம் வருவது இயல்பு. நீங்கள் அக்கம்பக்கத்தில் பார்த்தது பிரெட்னிசோலோன் என்ற வேறொரு ஸ்டீராய்டின் விளைவுகளாக இருக்கும். பியூடசோனைடு குடலில் வேலையை முடித்துவிட்டுக் கல்லீரலுக்குப் போனதும் அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு அங்கேயே செயலிழந்துவிடுகிறது. உடலெங்கும் பரவுவது சிறு பங்குதான். அதனால் பிரெட்னிசோலோனைவிடத் தீங்கு குறைவு. இந்த நோயில் பலனும் அதைவிட மேல். தீங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் சாப்பிடும்போது எலும்பு தேய்வதையும் கண்ணில் புரை வளர்வதையும் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண் என்பதால் தொடர் சிகிச்சைக்கு முன்பே ஒரு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்து, வைட்டமின் டி, கால்சியம் அளவுகளைச் சரிசெய்துகொள்வது நல்லது.

உங்கள் மருத்துவர் அனேகமாக இப்படித் திட்டமிடுவார். காலையில் 9 மில்லிகிராமில் மறுபடி தொடங்கி, அடங்கியதும் 6-க்கும், பிறகு 3-க்கும் குறைத்து, நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மிகக் குறைந்த அளவு எதுவோ அதில் ஆறு மாதமோ ஓராண்டோ நிறுத்தி வைப்பார். கொலாஜினஸ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் ஓராண்டு நடந்த ஓர் ஆய்வில், குறைந்த அளவு பியூடசோனைடைத் தொடர்ந்தவர்களில் ஐந்தில் மூவர் நலமாக இருந்தார்கள். ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆறில் ஒருவரே அப்படி இருந்தார். அதற்குள் மாத்திரைப் பெட்டியிலிருந்து சந்தேகத்துக்குரியவை வெளியேறியிருந்தால், அடுத்த முறை நிறுத்தும்போது நோய் திரும்பாமலிருக்கும் வாய்ப்பும் கூடும்.

எது அடங்கிய நிலை என்பதற்கு எளிய அளவுகோல் இருக்கிறது. ஒரு நோட்டில் தேதி, எத்தனை முறை, அதில் தண்ணீராக எத்தனை, இரவில் எத்தனை என்று நான்கு கட்டம் போட்டு ஏழு நாள் எழுதுங்கள். ஒரு வாரச் சராசரி நாளுக்கு மூன்று முறைக்குள், தண்ணீராகப் போவது நாளுக்கு ஒன்றுக்கும் குறைவு என்றால் அடங்கிவிட்டது என்று பொருள். மருத்துவர் அளவைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் இந்தப் பக்கம் எந்த ஸ்கேனையும்விட உதவும்.

மருந்துக்கடையில் கவனம் வேண்டும். பியூடசோனைடு என்று மட்டும் கேட்டால் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தைக்கூட எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது குடலில் கரையும்படி மேற்பூச்சுள்ள காப்ஸ்யூல். அதை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல், சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் போன்றவை கல்லீரல் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்வதைத் தடுத்துவிடும். அப்போது சிறு பங்கு என்று நான் சொன்னது பெரும்பங்காகிவிடும். தோல் மருத்துவரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

மெசலமைனைப் பொறுத்தவரை, அண்ணன் மகனின் நோய் வேறு, உங்கள் நோய் வேறு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அது நல்ல மருந்து. உங்கள் நோயில் 2014-இல் வெளியான ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக அமையவில்லை. 2016-இன் அமெரிக்க வழிகாட்டி, பியூடசோனைடு கொடுக்க முடியாதவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இடம் வைத்திருந்தது. 2021-இன் ஐரோப்பிய வழிகாட்டி வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. நானும் இரண்டாவது பக்கம்தான். கொலைட்டிஸ் என்ற பேர் முடிவு ஒன்றாக இருப்பதால் உங்கள் நோய் அவருடைய நோயாக மாறிவிடும் என்றும் அஞ்ச வேண்டாம்.

பியூடசோனைடு கேட்காமல் போனால், முதலில் நோயறிதலைத் திரும்பப் பார்க்க வேண்டும். கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய் தென்னிந்தியாவில் வட இந்தியாவைவிடக் குறைவு என்றாலும், தைராய்டு கோளாறும் இந்தக் கொலைட்டிஸும் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அதற்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது. பித்த அமிலம் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு வந்து பேதியைக் கூட்டுவதும் உண்டு. அதற்குக் கொலஸ்டிரமின் தூள் உதவும். ஆனால் அது தைராக்சினையும் பிடித்துக்கொள்ளும், ஆகவே இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். அதற்கும் மேலே, உடலின் நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் அசதயோபிரின், வெடோலிசுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. நம் நாட்டில் அவற்றைத் தொடங்கும் முன் காசநோய், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகளைத் தவிர்க்கவே கூடாது. உங்களுக்கு அந்தத் தேவை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பயண நாளில் லோபரமைடு போட்டுக்கொள்ளலாம். பேதியைக் கட்டும், அழற்சியை ஆற்றாது.

மகன் கேட்டதைப் பற்றி

பயாப்ஸி எடுக்காதது குறை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். அந்தக் குறை சட்டப்படி கவனக்குறைவு ஆகுமா என்பது வேறு கேள்வி, அதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டாண்டு வரம்பு உண்டு என்பதை மட்டும் மகனிடம் சொல்லுங்கள். வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு வேண்டியது ஆவணங்கள். மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-இன் இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதி. எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்குங்கள். இரண்டாவது மருத்துவமனையிலிருந்து பயாப்ஸி ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கினால், வேறொரு பேத்தாலஜி மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ள முடியும். இன்னொரு கொலோனோஸ்கோப்பி தேவைப்படாது.

சாப்பாடும் எச்சரிக்கைகளும்

இந்த நோயை ஆற்றும் பத்தியம் என்று எதுவும் நிறுவப்படவில்லை. காபியைக் குறைத்துப் பாருங்கள். இரண்டு வாரம் பாலை விட்டுப் பாருங்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சார்பிட்டால் போட்ட இனிப்புகளைத் தவிருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் திரும்பச் சாப்பிடுங்கள். 6 கிலோ இழந்த நீங்கள் கஞ்சியிலும் ரசத்திலும் காலம் தள்ளக் கூடாது; முட்டை, மீன், பருப்பு, எது ஒத்துக்கொள்கிறதோ அது தட்டில் இருக்க வேண்டும். பேதி அதிகமான நாளில் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடியுங்கள், வெறும் தண்ணீர் போதாது.

மலத்தில் இரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைதல், எழுந்தால் கண் இருட்டுதல், கால் தசைகள் தளர்ந்து இழுத்தல் ஆகியவை இந்த நோயின் வழக்கமான போக்கில் வருபவை அல்ல. அல்லது உடலில் நீரும் பொட்டாசியமும் ஆபத்தான அளவுக்கு இறங்கியதைக் காட்டுபவை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் இந்த வாரமே உங்கள் இரண்டாவது மருத்துவரிடம், மருந்துச் சீட்டுகளோடும் ஏழு நாள் நோட்டோடும் போய்ப் பாருங்கள்.